சிலை பார்க்கக் கடல் கடந்தவர்கள்

ஒரு சிற்பத்தை அதன் வடிவத்துக்காகவே பார்க்கக் கடல் கடந்து போவது தமிழரிடையே மிக அண்மையில் தோன்றிய வழக்கம். சிலையைத் தேடிப் பயணம் போவது மட்டும் இங்கே புதிதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலக்காய்ச் சரிவில் இருக்கும் தேவாரம், போடிநாயக்கனூர், கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் அப்படிப்பட்ட பயணங்களைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரா பௌர்ணமியன்று மட்டும் வழிபாடு நடக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து காட்டுப் பாதையில் ஏறிப் போகிறார்கள். அந்தக் கண்ணகிக்குச் சிலை செய்யச் சேரன் செங்குட்டுவன் இமயம் வரை போய்க் கல் கொண்டுவந்தான் என்கிறது சிலப்பதிகாரம். சிலைக்கும் நெடும்பயணத்துக்கும் உள்ள உறவு இந்த மலையடிவாரத்தில் அவ்வளவு பழையது.

இன்னொரு பயணமும் உண்டு. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுயிக்கின் பிறந்த நாளான ஜனவரி 15இல் லோயர் கேம்பில் அவருடைய சிலை முன் பொங்கல் வைக்கிறார்கள். அங்குள்ள மணிமண்டபம் 2013இல் திறக்கப்பட்டது. பெரியாற்றுத் தண்ணீர் 18ஆம் கால்வாய் வழியாக உத்தமபாளையம், போடி வட்டங்களின் வறண்ட பகுதிகள் வரை வருவதால் அந்த நன்றி தேவாரத்துக்கும் உரியது. 1911இல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் இறந்த அவரை ஃபிரிம்லி தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். 2022இல் தமிழக அரசு கேம்பர்லியிலேயே அவருக்குச் சிலை நிறுவியது. தேனி மாவட்டத்து ஆள் ஒருவர் சிலை பார்க்க இங்கிலாந்து போகிறார் என்றால் இன்றைக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சிலைதான்.

கண்ணகியைப் பார்க்கப் போவது பக்தி. பென்னிகுயிக்கைப் பார்க்கப் போவது நன்றி. இரண்டிலும் சிலை யாரைக் குறிக்கிறதோ அவர்தான் முக்கியம். சிலை எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது, எடை எங்கே நிற்கிறது, ஒளி எங்கே வழுக்குகிறது என்று பார்ப்பதற்காகவே ஒருவர் ஊர் விட்டு ஊர் போவது மூன்றாவது வகை. அந்த மூன்றாவது வகைப் பயணம் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்த வழி நேரானதல்ல. முதலில் இங்கிருந்து நிழற்படங்கள் கடல் கடந்தன. பிறகு மாணவர்கள் போனார்கள். இடையில் திருட்டுப் போன சிலைகளும் போயின.

ஐரோப்பாவிலும் இந்த வழக்கத்துக்கு அப்படியொன்றும் அதிக வயதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வசதி படைத்த ஆங்கிலேய இளைஞர்கள் பழைய ரோமானியச் சிலைகளைப் பார்க்க இத்தாலி போனார்கள். அரண்மனைச் சேகரிப்புகள் பொது அருங்காட்சியகங்களாக மாறிய பிறகே சாதாரண மக்களும் சிலை பார்க்கப் போகும் நிலை வந்தது. நவீன சிற்பத்தைப் பொறுத்தவரை அந்தப் பயணத்தின் முதல் நிறுத்தம் பாரிஸ் நகரத்து ரோதேன் அருங்காட்சியகம். ஒகுஸ்த் ரோதேன் 1917இல் இறந்தார்; அவர் கடைசிக் காலத்தில் வேலை செய்த பிரோன் மாளிகை 1919இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ‘சிந்தனையாளன்’ என்று உலகம் முழுக்க அறியப்படும் சிலை, 1880 வாக்கில் ‘நரக வாயில்’ என்னும் பெரிய கதவுக்காக ஏறக்குறைய 70 செ.மீ. உயரத்தில் உருவாக்கப்பட்டது. அதையே பெரிதாக்கி 1904இல் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார். 1906இல் பாரிஸின் பாந்தியோன் கட்டடத்தின் முன் நின்ற வார்ப்பு 1922இல் அருங்காட்சியகத் தோட்டத்துக்கு வந்தது.

‘சிந்தனையாளன்’ உலகில் ஒன்று மட்டும் இல்லை. பெரிய அளவு வார்ப்புகளே இருபதுக்கு மேல் உண்டு. இதைத் தமிழ்நாட்டு வார்ப்பு முறையோடு வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். சுவாமிமலையில் ஸ்தபதி தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் விட்டுக் காய்ச்சிப் பிசைந்து, உருவத்தைக் கையாலேயே செய்கிறார். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகப் பூசி, காயவிட்டு, மறுபடி கெட்டியாகப் பூசி, கம்பி கட்டிச் சூளையில் வைக்கிறார். மெழுகு உருகி வழிந்தபின் மண்ணுக்குள் இருக்கும் வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார். ஆறியதும் மண் கூட்டை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். மெழுகும் போயிற்று, கூடும் போயிற்று. அதே அச்சில் இரண்டாவது சிலை பிறக்க வழியில்லை. ரோதேன் களிமண்ணில் உருவம் செய்து, அதைச் சுண்ணச்சாந்தில் வார்த்து வைத்துக்கொண்டார். சுண்ணச்சாந்து உரு கையில் இருக்கும்வரை பட்டறைக்காரர்கள் அதிலிருந்து எத்தனை வெண்கல வார்ப்பு வேண்டுமானாலும் எடுக்கலாம். அவர் இறந்த பிறகும் வார்ப்புகள் தொடர்ந்தது இதனால்தான். பின்னாளில் பிரெஞ்சுச் சட்டம் ஒரு சிற்பத்தின் மூல வார்ப்புகள் பன்னிரண்டுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு கட்டியது.

ரோதேனுக்கும் தமிழ்நாட்டுக்கும் இருந்த தொடர்பு அவருடைய வாழ்வின் கடைசிப் பகுதியில் ஏற்பட்டது. 1906இல் கம்போடிய அரசரோடு பிரான்சுக்கு வந்திருந்த அரண்மனை நடனப் பெண்களைப் பார்த்து மயங்கி, அவர்கள் பின்னாலேயே மார்செய் துறைமுகம் வரை போய் வரைந்து தள்ளியவர் அவர். கீழைநாட்டு உடலசைவில் அவருக்கு இருந்த ஈடுபாடு அப்போதே தெரிந்தது. அதன் பிறகு, ரஷ்யாவில் பிறந்த கலை அறிஞர் விக்டர் கோலூபேவ், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருந்த திருவாலங்காட்டு நடராசர், வேளாங்கண்ணி நடராசர் ஆகிய வெண்கலங்களின் நிழற்படங்களை அவரிடம் கொடுத்தார். படங்களைப் பார்த்து ரோதேன் 1913இல் ஒரு குறிப்பு எழுதினார். அது அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1921இல், சைவச் சிற்பங்கள் பற்றிய பிரெஞ்சுத் தொகுப்பு நூலில் வெளிவந்தது. ரோதேன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவர் கண்டது காகிதத்தில் பதிந்த ஒளியையும் நிழலையும்தான். அப்படியிருந்தும் ஒரு கோணத்தில் தெரியும் கை, இன்னொரு கோணத்தில் தெரியும் கழுத்து, இடுப்பின் வளைவு என்று ஒவ்வொரு படமாக நின்று பார்த்திருக்கிறார். சிலையின் சமயப் பொருளை விளக்க அவர் முற்படவில்லை. உடல் எப்படி உயிரோடு நிற்கிறது என்பதே அவருடைய கவலை. தொழில் தெரிந்த ஒருவர் இன்னொரு தொழிலாளியின் வேலையைப் பார்த்த பார்வை அது.

திருவாலங்காட்டு நடராசரை இன்று எழும்பூரில் நேரில் பார்ப்பவருக்கு ரோதேன் ஏன் அதில் லயித்தார் என்பது புரியும். அந்தச் சிலைக்கு இப்போது திருவாசி இல்லை. பறக்கும் சடையும் இல்லை. தீச்சுடர் வளையமும் விரிசடையும் சூழ்ந்த நடராசர்களில் கண் முதலில் அந்த வட்டத்தில்தான் போய் நிற்கும். இங்கே கண்ணைத் தடுக்க எதுவும் இல்லாததால் ஊன்றிய வலக்காலிலிருந்து தோள் வரை ஏறும் விசை அப்படியே தெரிகிறது. முயலகன் முதுகில் ஊன்றிய பாதத்துக்கு மேல் முழங்கால் சற்றே மடிந்திருக்கிறது. தூக்கிய இடக்காலின் எடையை உடலின் மறுபக்கம் வாங்கிக்கொள்கிறது. நான்கு கை இருப்பது இயற்கைக்கு மாறானது என்ற எண்ணமே பார்ப்பவருக்கு எழுவதில்லை. சுற்றி நடந்து முதுகுப் பக்கம் போனால், யாரும் பார்க்க வாய்ப்பில்லாத முதுகையும் ஸ்தபதி அதே அக்கறையோடு செய்திருப்பது தெரியும். கோயிலில் அலங்காரத்தோடு கும்பிடும்போது இது தெரியாது. சிலையைச் சிலையாகப் பார்க்கும் வாய்ப்பைத் தந்தது அருங்காட்சியகம்.

ஐரோப்பியர் இந்தப் பார்வைக்கு எளிதில் வந்துவிடவில்லை. 1910இல் லண்டன் கலைச் சங்கக் கூட்டத்தில், இந்தியாவைப் பற்றி நிறைய எழுதிய ஜார்ஜ் பேர்ட்வுட், இந்தியாவில் நுண்கலை என்று ஒன்று கிடையாது என்ற கருத்தை முன்வைத்தார். அதை எதிர்த்துத்தான் அதே ஆண்டு லண்டனில் இந்தியச் சங்கம் தோன்றியது. சென்னைக் கலைப்பள்ளிக்கு முன்பு தலைமை வகித்த ஈ.பி. ஹேவல் அதில் முன்னணியில் நின்றார். அவரோடு நின்ற மற்றொருவர் ஆனந்த குமாரசுவாமி. இலங்கைச் சட்டசபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்த சர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1877இல் கொழும்பில் பிறந்தவர். நிலவியல் படித்து, இலங்கைக் கனிமவள ஆய்வுத்துறையை நடத்தியவர். சிவனின் நடனம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை முதலில் 1912இல் சென்னையிலிருந்து வெளிவந்த ‘சித்தாந்த தீபிகை’ இதழில் வந்தது. லண்டனில் எரிக் கில், ஜேக்கப் எப்ஸ்டீன் போன்ற இளம் சிற்பிகள் இந்தியக் கோயில் சிற்பங்களைக் கவனிக்கத் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1917இல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பாளராகி, 1947இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். மேலைநாட்டு அருங்காட்சியகத்தில் இந்தியச் சிலையை எப்படி நிறுத்துவது, எப்படி விளக்குவது என்று வகுத்துக் கொடுத்தவர் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை என்பதை இன்றைய வாசகர்களில் பலர் அறிவதில்லை. அறிய வேண்டிய செய்தி இது.

ரோதேனுக்கு அடுத்த தலைமுறையில் நவீன சிற்பத்தின் போக்கையே மாற்றியவர் கான்ஸ்டன்டின் பிரான்குஷி. 1876இல் ருமேனியக் கிராமம் ஒன்றில் பிறந்து, பாரிஸ் வந்து, 1907இல் ரோதேனின் பட்டறையில் சேர்ந்து, சீக்கிரமே விலகிக்கொண்டவர். அவருடைய ‘விண்ணில் பறவை’ வரிசை 1923இல் தொடங்கியது. பளிங்கில் ஏழும் வெண்கலத்தில் ஒன்பதுமாக அதன் வடிவங்கள் உண்டு. அவற்றில் சிறகு கிடையாது, இறகு கிடையாது, அலகும் கிடையாது. குறுகிய அடியிலிருந்து மெல்ல எழும்பி, நடுவில் இலேசாகப் பருத்து, உச்சியில் சாய்வாக வெட்டுப்பட்டு முடியும் ஓர் ஒல்லியான வடிவம் மட்டுமே. பறவையை விட்டுவிட்டுப் பறத்தலை மட்டும் பிடிக்கப் பார்த்தார். வெண்கல வடிவங்களைத் தானே நாள்கணக்கில் தேய்த்து, எதிரில் நிற்பவரின் முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக்கினார். கல்லிலும் மரத்திலும் அவரே செதுக்கிய பீடங்களும் சிற்பத்தின் பகுதிதான். அவசரமாகப் பார்த்துப் போகிறவர்கள் தவறவிடுவது அந்தப் பீடங்களை.

1926இல் ஒரு ‘பறவை’ கப்பலில் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. கலைப்படைப்புக்கு அமெரிக்காவில் சுங்கவரி இல்லை. ஆனால் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரிகள் அதைச் சிற்பம் என்று ஏற்கவில்லை. சமையலறைப் பாத்திரம், மருத்துவமனைப் பொருள் அடங்கிய பிரிவில் சேர்த்து, உலோகச் சாமானுக்குரிய 40 சதவீத வரி விதித்தார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. சிற்பம் என்றால் ஏதாவது ஓர் உருவத்தைப் போல இருக்க வேண்டுமா, அதைச் செய்தவர் சிற்பியா, மெருகு போடும் தொழிலாளியா என்றெல்லாம் சாட்சிகளிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. 1928 நவம்பரில் தீர்ப்பு பிரான்குஷியின் பக்கம் வந்தது. இயற்கையை அப்படியே பின்பற்றாத படைப்பும் சிற்பமே என்று சட்டம் ஒப்புக்கொண்ட முக்கியமான தீர்ப்பு அது.

இதே வரிசையிலிருந்து மூன்று பறவைகள் இந்தியருக்குச் சொந்தமாயின. இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர் 1930களில் வெண்கலத்தில் ஒன்றும், கருப்புப் பளிங்கில் ஒன்றும், வெள்ளைப் பளிங்கில் ஒன்றுமாக வாங்கினார். அந்த மூன்றையும் வைத்துத் தியானம் செய்ய ஒரு சிறு கோயிலை இந்தூரில் எழுப்பும் யோசனை பிறந்தது. 1937இல் மகாராணி சன்யோகிதா ஐரோப்பாவில் இளவயதிலேயே இறந்துபோனார். அந்த ஆண்டின் இறுதியில் பிரான்குஷி கோயில் வேலைக்காக இந்தியாவுக்கு வந்து, 1938 ஜனவரி வரை இருந்தார். கோயில் எழும்பவில்லை, சிற்பி திரும்பிப் போனார். அந்த ஆண்டே தன் சொந்த நாட்டில் தர்கு ஜியு நகரில், 29 மீட்டருக்கு மேல் உயர்ந்த ‘முடிவிலாத் தூண்’ அடங்கிய நினைவுத் தொகுதியை முடித்தார். இந்தூரில் அந்தக் கோயில் கட்டப்பட்டிருந்தால் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த சிற்பங்களில் மூன்றைப் பார்க்க உலகம் மத்தியப் பிரதேசத்துக்கு வந்திருக்கும். இந்தியக் கலை வரலாற்றில் கைநழுவிய பெரிய வாய்ப்புகளில் இதை முதல் வரிசையில் வைக்கலாம். இரண்டு பளிங்குப் பறவைகளை 1973இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கியது. அவை கான்பராவில் இருக்கின்றன. வெண்கலப் பறவை அமெரிக்காவில் பசடீனா நகரத்து நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சென்னையில் நவீன சிற்பம் வேரூன்றிய கதை தனி. மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளிதான் அதன் களம். அதற்கு முதல் இந்தியத் தலைவராக 1929இல் வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, ஆளை நிறுத்திப் பார்த்துக் களிமண்ணில் உருவம் எடுக்கும் பயிற்சியை மாணவர்களுக்கு உறுதியாகக் கொடுத்தார். ரோதேனின் பாணி தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது அவர் வழியாக. மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையில் நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள். புடைத்த நரம்பும் கரடுமுரடாக விட்ட மேற்பரப்பும் ரோதேனின் பள்ளியைச் சேர்ந்தவை. பாரிஸ் போக முடியாதவர்கள் அந்தப் பாணி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள மெரினாவுக்குப் போனால் போதும்.

அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர், 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர், 1954இல் லண்டனிலும் பாரிஸிலும் தன் ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கப் போனார். அங்கே நவீனக் கலையை நேரில் பார்த்தது அவருடைய போக்கை மாற்றியது. மேற்கத்தியரைப் போல வரைவதில் பயனில்லை, சொந்த மண்ணின் மரபிலிருந்து நவீனத்தை எடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு திரும்பினார். 1957இல் கல்லூரித் தலைவரானார். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அவருடைய முயற்சியால் உருவானது. அரசு மானியத்தை நம்பாமல், பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில் கலைஞர்களே நிலம் வாங்கிக் குடிசை போட்ட ஊர் அது.

பணிக்கரைச் சுற்றியிருந்த சிற்பிகள் அவருடைய எண்ணத்தை உலோகத்தில் நடத்திக் காட்டினார்கள். எஸ். தனபால் மாணவர்கள் பலருக்குத் தந்தை நிலையில் இருந்த ஆசிரியர். பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டைத் தட்டி, வெட்டி, கம்பியை ஒட்டவைத்து உருவம் செய்தார். கோயில்களில் சாமிக்குச் சாத்தும் கவசத்தைப் போல முன்பக்கம் மட்டும் நோக்கி நிற்கும் அந்தச் சிற்பங்கள் ரோதேனிடமிருந்தும் பிரான்குஷியிடமிருந்தும் வரவில்லை. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலும் அதே பாதையில் நடந்தார். வெளிநாடு போய்ப் பார்த்ததன் பயன் நகல் எடுப்பது அல்ல என்பதற்கு இந்தச் செம்புச் சிற்பங்களைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. சென்னையில் படித்த கானாயி குஞ்ஞிராமன் அறுபதுகளின் நடுவில் லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியில் ரெக் பட்லரிடம் பயின்று திரும்பி, 1969இல் பாலக்காட்டை அடுத்த மலம்புழாவில் மாபெரும் ‘யட்சி’யைச் செய்தார். சோழமண்டலத்தைச் சேர்ந்த விஸ்வநாதன் அறுபதுகளின் இறுதியில் பாரிஸ் போய் அங்கேயே தங்கிவிட்டார்.

அந்தக் காலத்தில் போனவர்களை விரல் விட்டு எண்ணலாம். உதவித்தொகை கிடைத்தால்தான் பயணம். வெளிநாடு போகும் இந்தியருக்குக் கையில் எடுத்துச்செல்ல அனுமதிக்கப்பட்ட அந்நியச் செலாவணி சில டாலர்கள்தான். மற்ற மாணவர்களுக்கு ரோதேனும் ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூரும் நூலகத்தில் கிடைத்த கருப்பு வெள்ளைப் படங்களாகவே இருந்தார்கள். பாரிஸில் அமர்ந்து நடராசரின் படத்தைப் பார்த்த ரோதேனின் நிலைமைதான் சென்னையில் அமர்ந்து ரோதேனின் படத்தைப் பார்த்தவர்களுக்கும். 1982இல் ரோதேனின் படைப்புகளும் 1987இல் ஹென்றி மூரின் படைப்புகளும் தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கே வந்தபோது, கடல் கடக்காமல் அசலைப் பார்க்கும் வாய்ப்பு இந்தியாவுக்குக் கிடைத்தது.

ஆட்கள் போக முடியாமல் இருந்த அதே ஆண்டுகளில் சிலைகள் போய்க்கொண்டிருந்தன. தஞ்சை வட்டாரத்துச் சிவபுரம் கிராமத்தில் 1951இல் வயலில் கிடைத்த வெண்கலங்களில் ஒரு நடராசரும் இருந்தார். பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் அசலை வைத்துக்கொண்டு போலியைக் கோயிலுக்குத் திருப்பினார்கள். கோயிலில் இருப்பது அசல் அல்ல என்பதை 1965இல் பிரிட்டிஷ் அருங்காட்சியக அறிஞர் டக்ளஸ் பாரெட் தன் நூலில் வெளிப்படுத்தினார். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த நடராசரை 9 லட்சம் டாலருக்கு வாங்கியவர் அமெரிக்கச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன். வழக்குக்குப் பிறகு 1976இல் உடன்பாடு ஏற்பட்டு, பத்து ஆண்டு கழித்து, 1986இல், சிலை இந்தியா திரும்பியது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் 2006இல் திருடப்பட்டு, 2008இல் கான்பரா கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய நிழற்படங்கள் அது எந்தக் கோயிலுடையது என்பதை நிரூபித்தன. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் அதை இந்தியாவிடம் ஒப்படைத்தார். இந்தச் சிலையை விற்ற சுபாஷ் கபூருக்கு வேறொரு சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் பத்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

இந்தூரின் பறவைகள் போய்ச் சேர்ந்த அதே இரண்டு அருங்காட்சியகங்களுக்குத்தான் தமிழ்நாட்டின் இந்த இரண்டு நடராசர்களும் போயிருக்கிறார்கள். பறவைகள் உரிமையாளர் கையிலிருந்து முறையாக விற்பனைக்குப் போனவை, நடராசர்கள் திருடப்பட்டவர்கள். வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் இந்தியாவிலிருந்து வந்த எதைக் கண்டாலும் கொள்ளை என்று சொல்வதும், எல்லாம் பத்திரமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுவதும் இரண்டுமே தவறு. ஒவ்வொரு சிலைக்கும் அது கடல் கடந்த கதை தனியாக உண்டு. அந்தக் கதையைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் சிலை பார்ப்பதில் ஒரு பகுதிதான். ஜப்பானியத் தொழிலதிபர் மட்சுகாட்டா சேகரித்த ரோதேன் சிற்பங்களை உலகப்போரின்போது பிரான்ஸ் எதிரி நாட்டுச் சொத்தாகப் பறிமுதல் செய்து, பிறகு அந்தச் சேகரிப்பில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்ததால்தான் 1959இல் டோக்கியோவில் மேற்கத்தியக் கலைக்கான தேசிய அருங்காட்சியகமே எழுந்தது. அதன் முற்றத்தில் ‘நரக வாயில்’ நிற்கிறது. அதைப் பார்க்க நுழைவுச்சீட்டும் தேவையில்லை.

தேவாரத்துக்கு அருகிலேயே இந்த வரலாற்றின் ஓர் இழை ஓடுகிறது. நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் ஆய்வகத்துக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட பொட்டிப்புரம் மலை, தேவாரத்தை ஒட்டிய போடி மேற்கு மலைத்தொடரில் இருக்கிறது. மத்திய அரசு 2015இல் ஒப்புதல் தந்தபோதும், மலைக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகுமோ என்ற கவலையில் மக்கள் எதிர்த்ததால் ஆய்வகம் எழவில்லை. உலகின் மிகப் பெரிய துகள் ஆய்வகமான ஜெனீவாவின் செர்ன் வளாகத்தில் 2004இல் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்த ஆளுயர நடராசர் நிற்கிறார். அதன் கீழ் உள்ள பலகையில் ஆனந்த குமாரசுவாமியின் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. சென்னை இதழ் ஒன்றில் 1912இல் அவர் தொடங்கி வைத்த விளக்கம் அணுத்துகளை ஆராய்பவர்களின் முற்றம் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

இன்று தமிழ்நாட்டிலிருந்து நவீன சிற்பம் பார்க்கப் புறப்படுபவருக்குச் சில வழிகள் உண்டு. செலவு குறைவானது சிங்கப்பூர். ஆற்றங்கரையில் ஃபெர்னாண்டோ பொட்டேரோவின் பருத்த ‘பறவை’யையும், வங்கிக் கட்டடம் ஒன்றின் முன் ஹென்றி மூரின் சாய்ந்து படுத்த உருவத்தையும் காசில்லாமல் பார்க்கலாம். பாரிஸில் ரோதேன் அருங்காட்சியகத்தைப் பார்ப்பவர்கள் அதே நகரத்து கீமே அருங்காட்சியகத்தில் சோழர் வெண்கலங்களையும் பார்த்துவிட்டு வருவது நல்லது. பிரான்குஷியின் பட்டறை அப்படியே பாதுகாக்கப்படும் பொம்பிடூ மையம் மறுசீரமைப்புக்காக 2025இல் மூடப்பட்டிருப்பதால், அது திறக்க 2030 வரை காத்திருக்க வேண்டும்.

ஆனால் எங்கே போவதானாலும் முதலில் எழும்பூர் போய்விட்டுப் போக வேண்டும். திருவாலங்காட்டு நடராசரைச் சுற்றி ஒரு முறை நிதானமாக நடந்து பார்த்த கண்ணுக்குத்தான் ரோதேன் என்ன செய்தார், பிரான்குஷி எதை விட்டார் என்பது தெரியும். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் மெட்டு ஏறி இறங்குவதே அன்றாடப் பயணமாக இருக்கும் இந்தச் சரிவு மக்களுக்கு அது இப்போது எட்டாத தூரமில்லை. 1928இல் வந்த மதுரை–போடி ரயில் பாதை 2010இன் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்டு, 2023 ஜூனில் மறுபடி திறந்தபோது போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கே நேராக ரயில் ஓடத் தொடங்கியது. சென்ட்ரலில் இறங்கினால் பாந்தியன் சாலை அருங்காட்சியகம் பக்கம்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளாகப் பார்த்துப் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.